கணிதமும் மெய்யுலகும்

கணிதமும் மெய்யுலகும் என்பது, ஏரணமும் கணிதமும் நாம் வாழும் உலகைத் துல்லியமாக விவரிக்க வல்லவையா என்று ஆராயும் மெய்யியல் சிக்கல் ஆகும். ஒரு கணிதத் தேற்றம் அதன் அடிக்கோள்களிலிருந்து, அதாவது நிறுவாமல் ஏற்றுக்கொள்ளப்படும் தொடக்கக் கூற்றுகளிலிருந்து, தவிர்க்க இயலாதவாறு பெறப்படுகிறது. ஆனால் அந்த அடிக்கோள்கள் ஒரு வயலுக்கோ, ஆற்றுக்கோ, கோளுக்கோ பொருந்துகின்றனவா என்பதை எந்தத் தேற்றமும் சொல்வதில்லை. அதனை அளந்துதான் அறிய வேண்டும். ஆகவே ஒரு கணக்கு பிழையற்றதாக இருப்பதும், அது உலகைப் பற்றி உண்மையைச் சொல்வதும் இரு வேறு செய்திகள் ஆகும்.

இச்சிக்கல் பெரும்பாலும் குவாண்டம் இயற்பியலை முன்வைத்தே பேசப்படுகிறது. அவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லை. கல்லணைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே பூதலூரைச் சூழ்ந்துள்ள காவிரிப் படுகையின் வயல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அளக்கப்பட்டும், கணக்கில் எழுதப்பட்டும், அக்கணக்கின்படி வரி விதிக்கப்பட்டும் வந்துள்ளன. கணக்கும் நிலமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்களை இங்கேயே காணலாம்.

அளவை என்னும் சொல்

தமிழில் ஏரணத்திற்கு அளவையியல் என்னும் பெயரும் உண்டு. அளவை என்பது நீட்டல், முகத்தல், நிறுத்தல் முதலிய அளவுகளையும் குறிக்கும். ஒன்றை அறிவதற்குரிய வழிகளையும் குறிக்கும். மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். காட்சி (நேரில் காண்டல்), கருதல் (உய்த்துணர்தல்) ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 29ஆம் காதையில் பௌத்த ஏரணம் பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளோடு விரிவாகக் கூறப்படுகிறது.

இவற்றுள் திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு, கவனிக்கத்தக்கது. மலையில் புகை தெரிவதால் அங்கு நெருப்பு உண்டு என்று கருதும்போது, சமையலறையில் புகையும் நெருப்பும் ஒன்றாக இருப்பதை முன்பு கண்டிருப்பது சான்றாகக் காட்டப்படுகிறது. அரிசுட்டாட்டிலின் முக்கூற்று முடிவில் இத்தகைய உறுப்பு கிடையாது. அங்கு வாதத்தின் வடிவம் சரியாக இருந்தாலே அது செல்லும். இந்திய ஏரணமோ வடிவத்தோடு நில்லாமல், உலகில் கண்ட ஒன்றைச் சுட்டிக்காட்டும்படி கேட்கிறது. இது வடிவ ஏரணத்தின் வளர்ச்சிக்குத் தடையாயிற்று என்று கூறுவோர் உண்டு. அது எவ்வாறாயினும், இக்கட்டுரைக்குரிய கேள்வி அந்த எடுத்துக்காட்டின் இடத்தில்தான் எழுகிறது.

நாற்கர வயலின் பரப்பு

காவிரிப் படுகையில் நிலத்தைக் குழி, மா, வேலி என்று கணக்கிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. 12 அடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி (144 சதுர அடி). 100 குழி ஒரு மா, அதாவது ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி, அதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர். கணக்கதிகாரம், ஆஸ்தான கோலாகலம் முதலிய தமிழ்க் கணக்கு நூல்கள் நில அளவைக்கு இடம் தருகின்றன.

நான்கு பக்கமும் நேராக உள்ள வயலின் பரப்பைக் காணப் பழங்காலம் முதல் பல நாடுகளில் வழங்கிய எளிய முறை ஒன்று உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைக்கும் இரு சராசரிகளையும் பெருக்க வேண்டும். எகிப்தில் எட்ஃபு கோயிலின் நிலக்கொடைக் கல்வெட்டுகளிலும் இம்முறை காணப்படுகிறது. பிரம்மகுப்தர் பொ.ஊ. 628இல் எழுதிய நூலில் இதனைத் தூலமான, அதாவது தோராயமான, பரப்பு என்றே குறிப்பிட்டு, நுண்ணிய பரப்புக்கு வேறொரு வாய்பாட்டையும் தருகிறார். அந்த வாய்பாடும் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் அமையும் நாற்கரத்திற்கே பொருந்தும்.

எளிய முறையில் உள்ள குறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒவ்வொரு பக்கமும் 10 கோல் நீளமுள்ள வயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முறைப்படி அதன் பரப்பு 100 குழி, அதாவது சரியாக ஒரு மா. அவ்வயல் சதுரமாக இருந்தால் இது உண்மை. ஆனால் அதே நான்கு வரப்புகளும் சாய்ந்து, ஒரு மூலையின் கோணம் 60 பாகையாக இருக்குமானால் உண்மைப் பரப்பு 86.6 குழி மட்டுமே. மீதி 13.4 குழி கணக்கில் உண்டு, நிலத்தில் இல்லை. அதில் நெல் விளையாது. ஆயினும் அதற்கும் வரி உண்டு.

இப்பிழை எப்போதும் ஒரே பக்கமாகவே சாயும் என்பது குறிப்பிடத்தக்கது. வயலின் பக்கங்களை வரிசையாக க, ங, ச, ஞ என்க. ஒரு மூலைவிட்டம் வயலை இரு முக்கோணங்களாகப் பிரிக்கும். எந்த முக்கோணத்தின் பரப்பும் அதன் இரு பக்கங்களின் பெருக்கத்தில் பாதியை மிஞ்சாது. இரு மூலைவிட்டங்களாலும் தனித்தனியே பிரித்துக் கிடைக்கும் நான்கு முக்கோணங்களையும் கூட்டினால் வயலின் பரப்பைப்போல் இருமடங்கு வரும். அது (கங + ஙச + சஞ + ஞக) என்பதன் பாதியை மிஞ்சாது. அடைப்புக்குள் உள்ளது (க + ச) × (ங + ஞ) என்பதற்குச் சமம். எனவே உண்மைப் பரப்பு, எளிய முறை தரும் பரப்பைவிட ஒருபோதும் கூடுதலாக இராது. வயல் செவ்வகமாக இருந்தால் மட்டுமே இரண்டும் சமமாகும். வேறு சொற்களில் கூறினால், இம்முறையால் வரி வாங்குபவருக்கு இழப்பு நேர வாய்ப்பே இல்லை.

இரண்டாம் பாஸ்கரர் லீலாவதியில் (1150) இதனைக் கடுமையாகவே சாடியுள்ளார். நான்கு பக்கங்கள் ஒரு நாற்கரத்தை முடிவு செய்வதில்லை. ஆகவே செங்குத்தையோ மூலைவிட்டத்தையோ குறிப்பிடாமல் பரப்பைக் கேட்பவரும், அக்கேள்விக்கு விடை சொல்பவரும் பேய்க்கு ஒப்பானவர் என்பது அவர் கருத்து. இங்கே பெருக்கலில் தவறு இல்லை என்பதை நோக்க வேண்டும். 10ஐ 10ஆல் பெருக்கினால் 100தான். எல்லா மூலைகளும் செங்கோணம் என்னும் சொல்லப்படாத எடுகோளே பொய்யானது.

பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் சங்கிலி அளவையில் மூலைவிட்டமும், அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்துத் தொலைவும் அளந்து புலப்படம் வரையும் முறை பின்பற்றப்பட்டது. பாஸ்கரர் கேட்ட கூடுதல் அளவு அவ்வாறு நடைமுறைக்கு வந்தது எனலாம். இருந்தும் பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கெல்லையும் முரண்படும் வழக்குகள் இன்றும் வருகின்றன. அவற்றில் பொதுவாக எல்லைகளே ஏற்கப்படும். எழுதிய பரப்பு பின்தள்ளப்படும்.

வேலியின் மிகச்சிறு பங்கு

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலங்கள் அக்கோயிலின் கல்வெட்டுகளில் விரிவாகப் பதியப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஊரின் மொத்த அளவிலிருந்து குடியிருப்பு, கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு முதலிய வரியில்லா நிலங்கள் கழிக்கப்பட்டு எஞ்சிய நிலம் தரப்படுகிறது. இவற்றில் ஒரு வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை அளவு குறிக்கப்பட்டிருப்பதாகக் கல்வெட்டறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். சோழர்கால நில அளவையின் துல்லியத்திற்கு இது அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது.

இக்காலத்து வேலியைக் கொண்டு கணக்கிட்டால் அப்பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர் ஆகும். சோழர்காலக் கோல்களின் நீளம் வேறுபட்டதெனினும், அதன் அளவு எவ்வளவு சிறியது என்பதை இதனால் உணரலாம். ஒரு நெல்மணி மறைக்கும் இடத்தைவிட இது பல மடங்கு சிறியது. கோலைக் கொண்டு வயலில் இதனை அளந்திருக்க முடியாது. அப்படியாயின் அந்த எண் எங்கிருந்து வந்தது?

விடை எண்முறையிலேயே உள்ளது. தமிழ்ப் பின்னங்களில் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் கீழ் என்று எழுதி, மீண்டும் 320ஆல் வகுத்த பங்கில் அதே பின்னங்களைத் தொடங்கலாம். கீழ் முந்திரி என்பது 1/102,400. இவ்வாறு 320ஐ நான்கு முறை பெருக்கி 5ஆலும் பெருக்கினால் மேற்கண்ட 52,428,800,000 மிச்சமின்றி வருகிறது. ஆகவே அந்த நுண்மை எண்குறியீட்டுக்கும் அதனைக் கையாண்ட கணக்கருக்கும் உரியது, கோலுக்கு உரியதன்று. கழித்தலிலும் வகுத்தலிலும் எதையும் விட்டுவிடாத ஒரு கணக்கு முறையின் பெருமையாக இதனைக் கொள்வதே பொருத்தம்.

கோல் எவ்வளவு நுண்மை தரும் என்பதையும் பார்க்கலாம். 12 அடிக் கோல் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது ஏறத்தாழ அரை நெல்மணி நீளம் குறைந்தால், ஒரு வேலியில் ஏறக்குறைய 4 குழி பிழை ஏற்படும். கணிப்பொறி இன்று பதின்மப் புள்ளிக்குப் பின் பதினைந்து இலக்கங்களை அச்சிடும்போதும் நிலை இதுவே. அவற்றுள் எத்தனை இலக்கங்கள் உலகைப் பற்றியவை என்பதை அளவுக்கருவிதான் முடிவு செய்கிறது.

பெரிய கோயிலும் முக்கோணங்களும்

வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பணி, பின்னர் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை எனப் பெயர் பெற்றது. ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்து, மற்றவற்றைக் கோணங்களால் கணக்கிடுவது இதன் முறை. மலையுச்சிகளிலிருந்து கோணங்களை எடுப்பது வழக்கம். காவிரிப் படுகையில் மலைகள் இல்லாமையால் கோயில் விமானங்களும் கோபுரங்களும் பயன்பட்டன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டு என்னும் கோணமானியை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி விமானத்தில் மோதியது. அதன் அளவு வட்டம் கோணலாகியது. லாம்டன் கூடாரத்திற்குள் இருந்துகொண்டே பல வாரங்கள் உழைத்து அதனைத் திரும்பச் சீராக்கினார்.

அவ்வளவு நுண்மை எதற்கு என்னும் கேள்வி எழலாம். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்று பள்ளியில் படிக்கிறோம். இது சமதளத்திற்கு உரிய தேற்றம். புவியின் மேற்பரப்போ வளைந்தது. அதன்மீது வரைந்த முக்கோணத்தில் கூட்டுத்தொகை 180 பாகையைச் சற்றுத் தாண்டும். பூதலூரைச் சுற்றியுள்ள சமவெளியில் பக்கத்துக்கு 20 கி.மீ. கொண்ட முக்கோணம் ஒன்றை அமைத்தால், மிகுதி ஏறத்தாழ 0.88 விகலை (ஒரு பாகையில் 3600 விகலைகள் உள்ளன). 20 கி.மீ. தொலைவில் இது எட்டரை செ.மீ. விலகலுக்குச் சமம். வயல் அளப்பவருக்கு இது ஒரு பொருட்டன்று. கன்னியாகுமரி முதல் இமயம் வரை முக்கோணங்களைக் கோத்துக்கொண்டு போகிறவருக்கு இதனை விட்டுவிட முடியாது. படுகை தட்டையானது என்பது சிறிய கணக்குக்கு மெய்யாகவும் பெரிய கணக்குக்குப் பொய்யாகவும் இருக்கிறது.

லாம்டனுக்குப் பின் சார்சு எவரெசுட்டு இப்பணியைத் தொடர்ந்தார். வட இந்தியாவில் கலியாணா, கலியாண்பூர் என்னும் இரு நிலையங்களுக்கு இடையேயான அகலாங்கு வேறுபாடு, முக்கோணங்கள் மூலம் ஒருவிதமாகவும் விண்மீன்கள் மூலம் வேறுவிதமாகவும் வந்தது. வேறுபாடு 5.24 விகலை மட்டுமே. இமயமலையின் ஈர்ப்பு தூக்குநூலை இழுத்திருக்கலாம் என்று கருதிய பிராட்டு என்பவர், 1855இல் அந்த ஈர்ப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த விடை 15.9 விகலை. வேறுபாட்டை விளக்க வந்த கணக்கு மும்மடங்கு மிகையான விடையைத் தந்தது. கணக்கில் தவறில்லை, மலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது பற்றிய எடுகோளே தவறாயிருந்தது. மலைகளுக்குக் கீழே அடர்த்தி குறைந்த பாறை ஆழமாக இறங்கியிருப்பதால் ஈர்ப்பு குறைகிறது என்று அதே ஆண்டில் ஏரி என்னும் வானியலாளர் விளக்கினார். புவியோட்டுச் சமநிலைக் கோட்பாடு இவ்வாறே தோன்றியது. ஒத்துப்போன ஆயிரம் கோணங்கள் சொல்லாத செய்தியை ஒத்துப்போகாத 5 விகலை சொல்லியது.

இதே காலகட்டத்தில் வடிவவியலிலும் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. லோபச்செவ்சுக்கி (1829), போயாய் (1832) ஆகியோர் யூக்ளிடின் ஐந்தாம் அடிக்கோளை மறுத்தும் முரணற்ற வடிவவியலை அமைக்கலாம் என்று காட்டினர். 1854இல் ரீமன் அதனைப் பொதுமைப்படுத்தினார். முரணின்மை மட்டும் ஒரு வடிவவியலை உலகின் வடிவவியலாக்காது என்பது அதன்பின் தெளிவாகியது. ஐன்சுட்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு (1915) ரீமனின் வடிவவியலையே எடுத்துக்கொண்டது. இன்று நில அளவையில் பயன்படும் செயற்கைக்கோள் இடங்காட்டிகளின் கடிகாரங்கள், சார்பு விளைவுகளால் தரைக் கடிகாரங்களை நோக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. இதனைத் திருத்தாவிடில் எந்த வரப்பின் இடமும் தெரியவராது.

வாக்கியமும் திருக்கணிதமும்

தமிழகத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் உள்ளன. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய மனப்பாட அட்டவணைகளைக் கொண்டு கணிக்கப்படுவது. திருக்கணிதம் தற்கால நோக்கீடுகளோடு திருத்தப்படுவது. சந்திரனுக்குரிய வாக்கியங்கள் 248. காரணம், சந்திரன் புவிக்கு மிக அண்மையில் வந்து மீண்டும் அண்மையில் வர 27.55455 நாள்கள் ஆகும். இதன் ஒன்பது மடங்கு 247.99 நாள்கள். இந்த 0.01 நாள் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதை அட்டவணையை அமைத்தவர்கள் அறிந்திருந்தனர். எனவே 110 சுற்றுகளுக்குச் சமமான 3031 நாள் சுழற்சியையும் சேர்த்துப் பிழையைக் குறைத்தனர்.

சனி போன்ற மெதுவான கோள்களில் நிலைமை வேறு. சனி கும்பத்திற்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் வாக்கியப்படியே விழா நடைபெற்றது. இரண்டு கணிப்புகளும் தத்தம் விதிகளின்படி பிழையற்றவை. விழா எந்நாளில் நடத்துவது என்பது மரபு பற்றிய கேள்வி. அதற்கு இரண்டும் விடையாகலாம். வானில் சனி எங்கே நிற்கிறது என்னும் கேள்விக்கு அவ்வாறு இரண்டு விடைகள் இருக்க முடியாது.

வாய்க்கால் நீர்

வயலின் பரப்பைக் காட்டிலும் படுகை உழவரைக் கவலைக்குள்ளாக்குவது நீர். வாய்க்காலில் ஓடும் நீரின் விரைவைக் கணக்கிட, அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட்டு மானிங்கு 1889இல் முன்வைத்த வாய்பாடு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. வாய்க்காலின் சரிவு, நீர் தொட்டுச் செல்லும் சுற்றளவு, குறுக்குவெட்டுப் பரப்பு ஆகியவற்றுடன் சொரசொரப்பு எண் ஒன்றும் அதில் இடம்பெறும். விரைவு அந்த எண்ணுக்கு எதிர்விகிதத்தில் அமையும்.

இந்த எண் எந்த அடிப்படை விதியிலிருந்தும் பெறப்படுவதில்லை. ஓடும் வாய்க்கால்களை அளந்து தொகுத்த பட்டியலிலிருந்து பொறியாளர் தம் பட்டறிவால் தெரிந்தெடுக்கிறார். தூய மண் வாய்க்காலுக்கு ஏறத்தாழ 0.022 எனக் கொள்வர். அதே வாய்க்காலில் வெங்காயத் தாமரையும் காட்டாமணக்கும் மண்டினால் அது 0.033ஐயும் தாண்டலாம். அப்போது அதே ஆழத்தில் ஓடும் நீர் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12இல் திறக்கப்படுமுன் தூர்வாரும் பணி முடியவில்லையெனில், தாளில் கடைமடைக்குச் சென்ற நீர் நிலத்தில் சென்றிருக்காது. நீர்மங்களின் இயக்கத்திற்கு நேவியர்–சுடோக்சு சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. ஆனால் களை மண்டிய ஒரு வாய்க்காலுக்கு அவற்றை இலை இலையாகத் தீர்க்க எவரும் முயல்வதில்லை.

மெய்யியலாளர் கருத்துகள்

கணிதப் பொருள்கள் மனிதரைச் சாராமல் தாமாகவே உள்ளன என்பது பிளேட்டோவின் வழிவந்த கருத்து. அவை மனிதர் வகுத்த விதிகளின் விளைவுகளே என்பது வடிவவாதம். தனியே கணிதத்திற்காக உருவாக்கப்பட்ட கருத்துகள் பின்னர் இயற்பியலுக்கு வியப்பளிக்குமாறு பொருந்துவதை இயற்பியலாளர் விக்னர் 1960இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் சுட்டிக்காட்டி, இதற்குத் தக்க விளக்கம் இல்லை என்றார். இவ்வியப்பில் நியாயம் உண்டு. எனினும், பொருந்திய இடங்களே எடுத்துக்காட்டுகளாகத் தொகுக்கப்படுகின்றன என்பதையும் மறக்கலாகாது. சொரசொரப்பு எண் போன்றவை அத்தொகுப்பில் இடம்பெறுவதில்லை.

கேடல் 1931இல் நிறுவிய முழுமையின்மைத் தேற்றத்தைக் காட்டி, கணிதத்தால் உலகை அறிய இயலாது என்று சிலர் வாதிடுவர். இது பொருந்தாது. எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரணற்ற, விதிகளால் முறையாகத் தரப்பட்ட ஓர் அடிக்கோள் அமைப்புக்குள் நிறுவவோ மறுக்கவோ இயலாத கூற்றுகள் உண்டு என்பதே அத்தேற்றம். ஓர் அமைப்பு உலகோடு பொருந்துமா என்பது அதன் வரம்புக்கு வெளியே உள்ள கேள்வி.

இப்படுகையிலேயே, கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் 1920 சனவரியில் ஆர்டிக்கு எழுதிய மடலில் போலித் தீட்டா சார்புகள் என்பவற்றை அறிமுகப்படுத்தினார். அவர் மனத்தில் இயற்பியல் இருந்ததற்குச் சான்றில்லை. 2012இல் தபோல்கர், மூர்த்தி, சாகியே ஆகியோர் சரக் கோட்பாட்டின்படி சிலவகைக் கருந்துளைகளின் நிலைகளை எண்ணுவதற்கு இச்சார்புகளைப் பயன்படுத்தினர். இராமானுசனின் கணிதம் கருந்துளைகளை விளக்கிவிட்டதாக இதழ்களில் எழுதப்படுவது இதனை வைத்தே. அக்கருந்துளைகள் சரக் கோட்பாட்டின் சமன்பாடுகளில் வருபவை. வானில் நோக்கப்பட்டவை அல்ல. அக்கோட்பாடும் இதுவரை எந்தச் சோதனையாலும் உறுதி செய்யப்படவில்லை.